மாமன்றத் தீர்மானம் நம் தெருவுக்கு வந்து சேரும் வழி

காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் தெருமுனையில் ஜேசிபி நிற்கிறது. எதற்குத் தோண்டுகிறார்கள் என்று கேட்டால் வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. மேஸ்திரி, "கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்கக்கா" என்பார். கான்ட்ராக்டர் அங்கே இருக்கமாட்டார். குடிநீர்க் குழாயா, மழைநீர் வடிகாலா, எத்தனை நாள் இப்படிக் கிடக்கும், வண்டியை எங்கே நிறுத்துவது, ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், எங்கே குடியிருந்தாலும் இது பழகிப்போன விஷயம்தான்.

அந்தக் குழி அன்று காலை முடிவானதில்லை. பல மாதங்களுக்கு முன்பே யாரோ மதிப்பீடு போட்டு, மாநகராட்சி மாமன்றத்தில் விவாதப் பொருளாக வைத்து, தீர்மானம் நிறைவேற்றி, டெண்டர் விட்டு, பணி ஆணை கொடுத்து, அப்புறம்தான் ஜேசிபி வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் காகிதம் இருக்கிறது. அது ரகசியக் காகிதமும் இல்லை. மாநகராட்சி அலுவலகத்துக்கும் நம் வாசலுக்கும் நடுவே எங்கேயோ நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதை எப்படித் தேடி எடுப்பது, எப்படிப் படிப்பது, படித்ததைத் தெருவில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை இதுவரை மாநகராட்சிப் பக்கமே போகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், யார் யார்

கடலூர் 1866 முதல் நகராட்சி. 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 45 வார்டுகள். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து 45 கவுன்சிலர்கள் வந்தார்கள். அந்த 45 பேரும் சேர்ந்து உட்காரும் சபைதான் மாமன்றம். மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஆணையர் இருக்கிறார். அவர் மாநில அரசு அனுப்பும் அதிகாரி. அவருக்குக் கீழே பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு என்று பிரிவுகள். சுருக்கமாகச் சொன்னால், முடிவெடுப்பது மாமன்றம், முடிவைச் செயல்படுத்துவது ஆணையரும் அவருடைய அலுவலர்களும். "கவுன்சிலர் ரோடு போட்டுக் கொடுத்தார்" என்று பேச்சில் சொல்கிறோம். கவுன்சிலர் கையில் தார் டின்னும் இல்லை, செக் புத்தகமும் இல்லை. அவர் கையில் இருப்பது மன்றத்தில் பேசவும் கேட்கவும் ஓட்டுப் போடவுமான உரிமை. அதுவே பெரிது.

எவ்வளவு பெரிது என்று தெரிய, பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022-ல். நடுவே ஐந்து வருஷத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊரை நடத்தினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாத காலம் அது. பக்கத்தில் புதுச்சேரியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே நடக்காமல் வருஷங்கள் ஓடிவிட்டன. கடற்கரைச் சாலையில் இருக்கும் 'மேரி' கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே உட்கார வேண்டிய கவுன்சிலர்கள் வரவில்லை. புதுச்சேரியில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் ஒரு சாக்கடை அடைப்புக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பது இதனால்தான்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நகர மன்றத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்வது அதுதான். சட்டம் இருந்தும் இந்த நிலை. அதனால் மன்றம் இருக்கும் ஊரில் அந்த மன்றத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எது மாநகராட்சி வேலை, எது இல்லை

இதில் குழம்பித்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. தெரு, தெருவிளக்கு, குப்பை, குடிநீர் விநியோகம், மழைநீர் வடிகால், சொத்து வரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ் எல்லாம் மாநகராட்சி. ஊருக்குள்ளேயே போனாலும் பெரிய சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை, சில தேசிய நெடுஞ்சாலை. அவற்றில் பள்ளம் விழுந்தால் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். பாதாளச் சாக்கடை, பெரிய குடிநீர்த் திட்டம் போன்றவற்றைப் பல ஊர்களில் குடிநீர் வடிகால் வாரியம் கட்டி முடித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும். ஒப்படைக்கும் வரை ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவார்கள்.

ஆறுகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஆற்றங்கரை ஒரு துறை, தெரு வடிகால் மாநகராட்சி, எச்சரிக்கையும் நிவாரண முகாமும் மாவட்ட நிர்வாகம். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தால் யாருக்குப் போன் போடுவது என்பதிலாவது நேரம் மிச்சம்.

அஜெண்டா: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

மாமன்றக் கூட்டம் பொதுவாக மாதம் ஒருமுறை. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு கவுன்சிலர்களுக்கு அஜெண்டா போகும். அன்று மன்றத்தின் முன் வைக்கப்போகும் பொருள்களின் பட்டியல் அது. ஒரு கூட்டத்துக்கு ஐம்பது, அறுபது பொருள்கள்கூட வரலாம்.

மறுநாள் பேப்பரில் என்ன வரும்? வெளிநடப்பு, வாக்குவாதம், மைக் பறிப்பு. அந்த ஐம்பது பொருள்களில் நம் தெருவுக்கு எது வந்தது என்று வராது. நிருபர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் இடமே நாலு பத்திதான். ஆனால் சண்டை நடந்த கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் எல்லாப் பொருளும் 'ஆல் பாஸ்' ஆகியிருக்கும். நம் தெருவுக்கான பணம் ஒதுக்கப்பட்டதோ, பக்கத்துப் பூங்காவுக்குக் குத்தகை விட்டதோ அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் இருக்கும்.

அஜெண்டாவில் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு நானாக எழுதிய ஒரு மாதிரி:

"பொருள் எண் 23: கடலூர் மாநகராட்சி, வார்டு எண் ..., ... தெருவில் பழுதடைந்த சாலையை சிமெண்ட் கான்கிரீட் சாலையாக மேம்பாடு செய்ய ரூ.12.00 லட்சத்திற்கு மதிப்பீடு தயார் செய்யப்பட்டுள்ளது. மேற்படி பணியினை அவசர அவசியம் கருதி பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது."

முதல்முறை படிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆனால் தேட வேண்டியது நாலே விஷயம். எந்த இடம், என்ன வேலை, எவ்வளவு பணம், பணம் எங்கிருந்து வருகிறது. மேலே சொன்னதில் கடைசிக் கேள்விக்குப் பதில் 'பொது நிதி'. அப்படியென்றால் நாம் கட்டும் சொத்து வரி, கடை வாடகை எல்லாம் சேரும் மாநகராட்சியின் சொந்தப் பணம். அதற்குப் பதிலாக நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத் என்று இருந்தால் அது மத்திய, மாநில அரசுப் பணம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, எம்.பி. நிதி என்றும் வரும். 'நமக்கு நாமே' என்று இருந்தால் மக்கள் பங்களிப்பும் உண்டு; யார் அந்தப் பணத்தைக் கட்டினார்கள் என்று விசாரிக்கலாம். நிதி எது என்று தெரிந்தால், வேலை நின்றுபோகும்போது ஏன் நின்றது என்பதும் பாதி புரிந்துவிடும். பொது நிதி காலியாக இருந்தால் தீர்மானம் போட்டும் வேலை நகராது.

இன்னும் மூன்று சொற்றொடர்களில் கண் வையுங்கள். 'அவசர அவசியம் கருதி' என்பது மழை வெள்ளம், குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு நியாயமான வார்த்தை. ஒரு பூங்காவுக்கு வர்ணம் பூசுவதற்கும் அதே வார்த்தை வந்தால் கேள்வி கேட்கலாம். 'பின்னேற்பு' என்று வந்தால், வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, இப்போது மன்றம் அதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'பார்வைக்கும் பதிவுக்கும்' என்றால் மன்றத்துக்குத் தகவல் மட்டும். முடிவு வேறெங்கோ எடுத்தாகிவிட்டது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்ததே, அது மாநில அரசின் ஆணை. அதைத் தீர்மானமாக நிறைவேற்றிய மன்றங்களில் கவுன்சிலர்கள் எதிர்த்துப் பேசியிருக்கலாம், வெளிநடப்பு செய்திருக்கலாம். விகிதத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. இது தெரியாமல் கவுன்சிலர் வீட்டு வாசலில் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

சரி, அஜெண்டா எங்கே கிடைக்கும்? சுலபமான வழி உங்கள் வார்டு கவுன்சிலர். அவரிடம் ஒரு பிரதி இருக்கும். "கூட்டம் முடிஞ்சதும் அஜெண்டாவை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிறேம்மா, நம்ம வார்டு சம்பந்தப்பட்டது மட்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நன்றாக வேலை செய்யும் கவுன்சிலருக்கு இது பிடிக்கவும் செய்யும், தான் என்ன கொண்டுவந்தேன் என்று தெருவுக்குத் தெரியட்டும் என்று. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. உங்கள் கவுன்சிலர் பெண் என்றால் கேள்வியை அவரிடமே கேளுங்கள், அவர் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். ஓட்டு வாங்கி மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். தெருவே நேராக அவரிடம் வந்து கேட்கத் தொடங்கினால் வீட்டிலும் அலுவலகத்திலும் அவர் பேச்சுக்கு எடை கூடும்.

தீர்மானத்துக்கு அப்புறம்

தீர்மானம் நிறைவேறியது என்று கேள்விப்பட்டவுடன் அடுத்த வாரமே ரோடு வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தொழில்நுட்ப ஒப்புதல், அப்புறம் டெண்டர். தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கென்று 1998-லேயே வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். இதைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மாநில அரசின் டெண்டர் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பதிவு செய்யத் தேவையில்லை. நகராட்சி நிர்வாகத் துறையைத் தேர்ந்தெடுத்து ஊர்ப் பெயரைத் தேடினால் வேலையின் பெயர், மதிப்பு, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். நம் தெரு வேலைக்கு டெண்டர் வந்துவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய இடம் அது, பழகிக்கொள்வது நல்லது.

டெண்டர் எடுத்தவருக்குப் பணி ஆணை போகும். அதில் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கும். வேலை நடக்க நடக்க உதவிப் பொறியாளரோ மேற்பார்வையாளரோ அளந்து ஒரு புத்தகத்தில் எழுதுவார். அலுவலகத்தில் அதை 'எம் புக்' என்பார்கள், அளவுப் புத்தகம். அதில் எழுதிய அளவுக்குத்தான் பில் பாஸாகும். நீளம், அகலம், கனம். நம் தெருவில் போட்டதும் புத்தகத்தில் எழுதியதும் ஒன்றுதானா என்பதில்தான் ஒரு சாலை வேலையின் நேர்மை முழுக்க அடங்கியிருக்கிறது.

அதனால் வேலை நடக்கும்போது கண்ணால் பார்ப்பதும் தகவல்தான். கான்கிரீட் சாலை போடுகிறார்கள் என்று வையுங்கள். போடுவதற்கு முன் பக்கவாட்டில் பலகையோ இரும்புச் சட்டமோ அடிப்பார்கள். அந்தச் சட்டத்தின் உயரம்தான் சாலையின் கனம். சாதாரண டேப்பை வைத்து அளந்துவிடலாம். மதிப்பீட்டில் 150 மில்லிமீட்டர் என்று இருந்து சட்டம் நாலு அங்குலம்தான் (சுமார் 100 மில்லிமீட்டர்) நின்றால் அப்போதே கேட்க வேண்டும், காய்ந்த பிறகு கேட்டால் உடைத்துப் பார்க்க வேண்டிவரும். போட்டு முடித்த மறுநாள் மேலே மணலாலோ சிமெண்டாலோ சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள், இல்லாவிட்டால் ஈரச் சாக்கு போடுவார்கள். இரண்டு வாரமாவது அந்த ஈரம் காயக் கூடாது. கடலூர் வெயிலில், அதுவும் கடல் காற்றில், காலையில் ஊற்றியது மத்தியானம் உறிஞ்சிவிடும். யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேவர் பிளாக் தெரு என்றால் கல்லின் கனத்தைப் பாருங்கள். ஆட்டோ, பைக் மட்டும் போகும் சந்துக்கு 60 மில்லிமீட்டர் போதும். குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் வரும் தெருவுக்கு 80 வேண்டும். மதிப்பீட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிந்தால் ஒரு கல்லை எடுத்து அளந்தாலே விஷயம் முடிந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாலையின் மட்டம். பழைய சாலை மேலேயே புதுசு புதுசாகப் போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வருவதை முதுநகர்ப் பழைய தெருக்களில் பார்க்கலாம். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டார். இந்த உத்தரவு இருப்பது ஒரு தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் போதும். சுரண்டாமல் ஜல்லி கொட்ட வரும் லாரியை நிறுத்தி, "பொறியாளர் வரட்டும், அப்புறம் போடலாம்" என்று நிதானமாகச் சொல்ல முடியும். வேலை முடிந்தபின் அழுவதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் ஒருமுறை ஏறிய சாலை நம் ஆயுசில் இறங்காது. வீட்டைத்தான் இடித்து உயர்த்திக் கட்ட வேண்டும், அதற்கு வசதி எல்லோருக்கும் இல்லை.

வேலை நடக்கும் இடத்தில் விவரப் பலகை வைத்திருக்க வேண்டும். பணியின் பெயர், மதிப்பீடு, நிதி, ஒப்பந்ததாரர் பெயர், தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள். பல இடங்களில் வேலை முடிந்த பிறகுதான் பலகை வருகிறது, அதுவும் தலைவர்கள் படத்தோடு. தொடக்கத்திலேயே வையுங்கள் என்று கேளுங்கள். வந்தவுடன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணி முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தச் சாலையில் வரும் பழுதைச் சரிசெய்வது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. முதல் மழையிலேயே பெயர்ந்தால் அந்தப் போட்டோதான் சாட்சி.

பகுதி சபை

கிராமங்களில் கிராம சபை நடப்பது எல்லோருக்கும் தெரியும். நகரங்களில் அதுபோல ஒன்று இல்லாமல் இருந்தது. 2022-ல் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிகிறது. அந்தப் பகுதியில் ஓட்டு இருப்பவர்கள் எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். யாரும் உங்களைச் சேர்க்க வேண்டியதில்லை, நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். வார்டு கமிட்டிக்குத் தலைவர் கவுன்சிலர்.

கூட்டம் நடப்பதே பல பேருக்குத் தெரியாமல் போவதுதான் இதில் வருத்தம். பத்து பேர் வந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துக் கலைந்தால் அது கூட்டம் ஆகாது. கடலோர வார்டுகளில் நேரமும் ஒரு பிரச்சினை. தேவனாம்பட்டினத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கடலுக்குப் போனவர்கள் திரும்பி, மீன் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் நேரம். ஆண்களும் வரமுடியாது, கூடை எடுக்கும் பெண்களும் வரமுடியாது. மாலையில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்கலாம். கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல், எழுதிக் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத கோரிக்கை அடுத்த கூட்டத்தில் முதலிலிருந்து தொடங்கும்.

பத்து ரூபாய் மனு

அஜெண்டா கேட்டுக் கிடைக்கவில்லை, மதிப்பீடு காட்ட மறுக்கிறார்கள். அப்போது தகவல் உரிமைச் சட்டம். 2005-ல் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், கடலூர் மாநகராட்சி என்று முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று எழுதினால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். "இந்தத் தெரு சாலைப் பணிக்கான மாமன்றத் தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு உரிமை இருக்கிறது. ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே ஆய்வு செய்யவும், அதில் பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் கேட்கலாம். சிமெண்டும் ஜல்லியும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் தகவல்தான்.

எடுத்த எடுப்பில் இந்த மனுவைப் போடாதீர்கள் என்றும் சொல்வேன். முதலில் நேரில் போய்க் கேளுங்கள். பொறியியல் பிரிவில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், கோப்பை எடுத்துக் காட்டி விளக்கவும் செய்வார்கள். மனு போட்டவர் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகும். பேச்சுக்கு வழியில்லாதபோது எடுக்க வேண்டியது இது.

தெருவுக்கு ஒரு தாள்

இவ்வளவும் ஒருவர் தெரிந்து வைத்திருந்து பிரயோஜனமில்லை. குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கும் இடங்களில் செயலாளருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கு ஆண்டுவிழாவில் தெரியவரும். நான் சொல்வது எளிய ஏற்பாடு. மாதம் ஒரு தாள், ஒரே பக்கம். மாமன்றக் கூட்டம் முடிந்த வாரத்தில் வெளிவர வேண்டும், இல்லாவிட்டால் பழைய சமாச்சாரம் ஆகிவிடும்.

அதில் அஜெண்டா நடையை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். மேலே காட்டிய பொருளை இப்படி எழுதலாம்: "நம்ம தெருவுக்கு கான்கிரீட் ரோடு போட மாமன்றம் ஒப்புக்கொண்டுள்ளது. 12 லட்சம். மாநகராட்சியின் சொந்தப் பணம். இன்னும் டெண்டர் விடவில்லை." முடிந்தது. படிப்பவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுத்த மாதம் நிலை மாறினால் மாறியது என்று எழுதுங்கள், மாறாவிட்டால் "அப்படியே இருக்கிறது" என்று எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து "அப்படியே இருக்கிறது" என்று ஒரு தாளில் வந்தால் அது கவுன்சிலர் கண்ணிலும் படும், அலுவலகத்துக்கும் போகும். போராட்டம் எதுவும் தேவைப்படாமலே சில கோப்புகள் நகர்வதற்கு அது காரணமாகும்.

தெரியாததை எழுத வேண்டாம். "கமிஷன் அடித்துவிட்டார்கள்" என்று ஊரே பேசினாலும் காகிதம் கையில் இல்லாமல் தாளில் ஏற்றக் கூடாது. ஒரு தவறான வரி வந்தால் அடுத்த பத்து சரியான வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். கட்சி வாடையும் ஆகாது. ஆளுங்கட்சிக் கவுன்சிலர் நல்லது செய்தால் அதையும் போட வேண்டும், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் கேட்ட நல்ல கேள்வியையும் போட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது அரை மணியில் மேலே போய்விடும். போன் இல்லாத பாட்டிகளும் பார்ப்பதில்லை. டீக்கடை, ரேஷன் கடை, பால் பூத், இந்த மூன்று இடத்தில் ஒட்டினால் தெருவில் முக்கால்வாசிப் பேர் படித்துவிடுவார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். தண்ணீர் வரும் நேரம் மாறினால் அதை முதல் வரியில் போடுங்கள். அதைப் படிக்க வந்தவர்கள்தான் மற்றதையும் படிப்பார்கள்.

வருஷத்தில் இரண்டு மாதம் இந்தத் தாள் ரொம்ப கவனமாக வர வேண்டும். மார்ச்சில் வரவு-செலவுத் திட்டம் வைப்பார்கள். நம் வார்டுக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் ஆகஸ்ட். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கெடிலம் ஊருக்குள்ளேயும் தென்பெண்ணை வடக்கேயும் ஓட, கிழக்கே கடல் இருக்கும் ஊரில், வடிகால் தூர்வாரும் வேலைக்கு ஆகஸ்ட் அஜெண்டாவில் நம் வார்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இல்லையென்றால் செப்டம்பர் கூட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட நேரம் இருக்கும். தூர்வாரினார்கள் என்றால் எங்கிருந்து எங்கே வரை என்று எழுதுங்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அதையும் எழுதுங்கள், ஒரே மழையில் அது திரும்ப உள்ளே போகும்.

யார் எழுதுவது? கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியரோ அலுவலரோ ஒருவர், குழாயடி விவரமெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் அக்கா ஒருவர். இந்த மூன்று பேர் கிடைத்தால் போதும். ஒருவர் அலுவலகம் போவார், ஒருவர் காகிதம் படிப்பார், ஒருவர் தெருவில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்வார். தாளின் கடைசி வரியில் அடுத்த மாமன்றக் கூட்டம் என்றைக்கு, பகுதி சபை என்றைக்கு என்று எழுதுங்கள். தேதி இன்னும் தெரியவில்லை என்றால், அதைக் கேட்டுவர மூன்று பேரில் யார் போகிறார் என்று பெயரோடு எழுதிவிடுங்கள்.